கத்தரித்த கையெழுத்து

அக்னஸுக்குப் பெரிய மனிதர்களைப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவளுக்குப் பெரிய மனிதர்களின் கையெழுத்து பிடிக்கும், அவ்வளவுதான். மந்திரி மேடையில் என்ன பேசினார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அவர் கையெழுத்தின் கடைசி எழுத்து மேலே ஏறுமா, கீழே இறங்குமா என்று கேட்டால் விரலால் காற்றிலேயே போட்டுக் காட்டிவிடுவாள்.

திருச்சி மேலப்புதூரில் வக்கீல் சவரிராயன் அலுவலகத்தில் அவள் டைப்பிஸ்ட். கணவர் இன்னாசிராஜுக்குத் தொழிற்சாலையில் வேலை. வீடு கைலாசபுரம் குவார்ட்டர்ஸ். வேலைக்குப் போய், சமைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற எல்லாப் பெண்களையும் போலத்தான் இருந்தாள். ஆனால் ஊருக்குள் ஒரு பிரமுகர் கால் வைத்தால் போதும், சாமி வந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் முதல் வகுப்புப் பெட்டி எங்கே நிற்கும் என்று போர்ட்டர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறவர்களைப் பிடிக்க, அப்போது இன்னும் மொட்டையாக நின்ற தெற்குக் கோபுரத்து வாசலில், கழுத்தில் ஜெபமாலையும் கையில் ஆல்பமுமாகக் காத்து நிற்பாள். ஸ்ரீரங்கத்துப் பூக்காரிகள் அவளைப் பார்த்தாலே, "யாரு வராங்க இன்னைக்கு?" என்று கேட்பார்கள்.

அந்த ஆல்பம், பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பரிசாகக் கன்னியாஸ்திரி ஒருவர் கொடுத்தது. ரோஸும் நீலமும் மஞ்சளுமாக உள்ளங்கை அகலத் தாள்கள். அதற்கு முன்பு அவள் ஸ்டாம்ப் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டாம்ப் சேர்ப்பவர்கள் உறையின் மூலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, உறையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். யார் யாருக்கு என்ன எழுதினார் என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாத விஷயம். அந்தப் பழக்கத்தை அக்னஸ் அப்படியே கையெழுத்துக்கும் கொண்டு வந்துவிட்டாள். முழுக் காகிதம் உள்ளங்கை ஆல்பத்தில் எப்படி அடங்கும்? கையெழுத்தை மட்டும் நீளவாக்கில் கத்தரித்து, ஸ்டாம்ப் ஒட்டுகிற மெல்லிய தாள்கீற்றை மேல் விளிம்பில் வைத்து ஒட்டுவாள். மிச்சம் அடுப்புக்கோ பழைய பேப்பர்க் கடைக்கோ போகும். பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் காரணம் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

வக்கீல் சவரிராயனும் இதற்கு உடந்தை என்றுதான் சொல்ல வேண்டும். அவரிடம் பழைய கேஸ் கட்டுகள் அலமாரி அலமாரியாக இருந்தன. ஜமீன்தார்கள், கலெக்டர்கள், பிஷப்மார்கள் என்று கையெழுத்துப் போடாதவர் அவற்றில் இல்லை. அவள் அலமாரியையே ஏக்கமாகப் பார்ப்பதைக் கண்டு ஒருநாள் மனம் இளகிப் போனார்.

"முடிஞ்ச கட்டுல இருந்தா எடுத்துக்கம்மா. நடக்கற கட்டுல மட்டும் கைய வைக்காதே."

அன்றிலிருந்து ஆல்பம் மளமளவென்று நிறைந்தது. ஆனால் முதல் பக்கத்தை மட்டும் வெகுகாலம் காலியாக வைத்திருந்தாள். அதற்குத் தகுதியான கையெழுத்து எழுபத்தைந்தில்தான் கிடைத்தது. ஸ்ரீரங்கம் வகுளாபரணம் ஐயங்காருடையது. வெள்ளைக்காரன் காலத்தில் மூன்று தடவை ஜெயிலுக்குப் போய்விட்டு, சுதந்திரம் வந்த பிறகு ஒரு பதவியும் வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்ட மனிதர். சுருக்கக் கையெழுத்தெல்லாம் அவரிடம் கிடையாது. கறுப்பு மையில் முழுப்பெயரும் போடுவார். முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு கொக்கி கிளம்பி, மேல்வரி வரைக்கும் போய், வளைந்து இறங்கும். அவ்வளவு உயரக் கொக்கி ஆல்பத்தில் அடங்காது என்று அதன் உச்சியை மட்டும் விட்டுவிட்டுக் கத்தரித்திருந்தாள். மறு வருஷம் அவர் இறந்துபோனார். இனி இது கிடைக்காது என்று அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. சேர்ப்பவர்களின் புத்தி அப்படித்தான் போகும்.

எண்பத்திரண்டு பிப்ரவரியில் ஒரு காலை வேளை. வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு வயதானவர் வாசலில் நின்றார். காய்ந்து கறுத்த உடம்பு. தோளில் துண்டு. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மருங்காபுரிப் பக்கம் வீரமலைங்க. முன்னாடி ஒருக்கா தியாகி பென்ஷனுக்கு எழுதிக் குடுத்தீங்களே."

வக்கீலுக்கு நினைவு வந்தது. சுதந்திர வெள்ளிவிழா வருஷத்தில் பென்ஷன் அறிவித்தபோது வந்தவர். மனு மேலே போயிற்று. எங்கே தொலைந்ததோ, ஒரு பதிலும் சரியாக வரவில்லை. மூன்று வருஷம் அலைந்து பார்த்துவிட்டு, காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"இப்ப மறுபடி குடுக்கறாங்களாம். மார்ச்சுக்குள்ள எழுதிப் போடணும்னு ரேடியோவுல சொன்னாங்க. அதாங்க, கடைசியா ஒருக்கா கேட்டுப் பாத்துட்டுப் போவலாம்னு."

"உட்காருங்க. ஜெயில் சர்டிபிகேட் வாங்கிட்டீங்களா?"

"அதுல பேரு இருக்குங்க. ஆனா திருட்டுக் கேசுன்னு போட்டிருக்கு."

நாற்பத்திரண்டில் அவர் தந்திக் கம்பியை அறுத்தார். சர்க்கார் அதைக் கம்பி திருடியதாகக் கேஸ் போட்டு உள்ளே தள்ளியது. சர்க்கார் போய்விட்டது, கேஸின் பெயர் மட்டும் போகவில்லை. ஊரில் அவருக்குக் கம்பித்திருடன் என்றே பெயர்.

"பென்ஷன் வந்தா சோறு. வராட்டியும் கஞ்சி இருக்கு. பேத்தியப் பொண்ணு பாக்க வந்தவங்க, கம்பித்திருடன் வீடான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அதைத்தாங்க தாங்க முடியல. நான் திருடன் இல்லேன்னு சர்க்கார் ஒரு காகிதம் குடுத்தாப் போதும்."

"கூட இருந்தவங்க யாராவது எழுதிக் குடுத்தா முடிஞ்சது. யாரு உயிரோட இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லைங்க. இது ஒண்ணுதான் இருக்கு." மஞ்சள் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

வக்கீல் உரக்கப் படித்தார். மருங்காபுரி வீரமலை என்னுடன் திருச்சி சிறையில் இருந்தவர், தேசத்துக்காகக் கம்பி அறுத்தவர், திருடர் அல்லர், இதை நான் நேரில் அறிவேன் என்று இருந்தது. வக்கீலின் பார்வை கீழே இறங்கி நின்றது. பத்து வருஷத்துக்கு முந்தின கட்டில் கையெழுத்து இருந்ததா, இல்லையா என்று அவருக்கு நினைவில்லை.

"கையெழுத்து எங்க?"

"அதாங்க இல்ல. ஸ்ரீரங்கத்துச் சாமி போடாமலே குடுத்துட்டாரு." "எனக்குப் படிக்கத் தெரியாது. உங்க கொமாஸ்தா கட்டித் தந்ததை அப்படியே கொண்டுபோய் ஒரு ஆபீசுல காட்டினேன். கையெழுத்து இல்லாத காகிதத்தைத் தூக்கிட்டு வந்துட்டியான்னு சிரிச்சாங்க. ஜெயில்ல சாமி பி கிளாசு, நான் சி கிளாசு. வெளிய வந்தா எல்லாம் ஒண்ணுன்னு சொல்லுவாரு. கையெழுத்துன்னு வந்தப்பத் தெரிஞ்சு போச்சு. ஒரு திருடனுக்குப் போயிப் பேரை எழுதித் தரணுமான்னு யோசிச்சிருப்பாரு."

"அவர்கிட்ட போய்க் கேட்டிருக்கலாமே."

"போட மனசில்லாதவர்கிட்ட ரெண்டாந்தரம் போய் நிக்கறதாங்க?"

அக்னஸ் டைப் அடிப்பதை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். மேஜை மேல் கிடந்த காகிதத்தை எட்டிப் பார்த்தாள். அவள் அடித்ததுதான். மற்றக் காகிதங்களைவிட அது குட்டையாக இருந்தது. கீழ் விளிம்பு நேராக, சுத்தமாக, நல்ல கத்தரியால் வெட்டினது போல் இருந்தது. அந்த விளிம்பின் இடது பக்கத்தில், மை சிந்தினது போல ஒரு சின்னக் கறுப்பு வளைவு.

அது அவள் ஆல்பத்தின் முதல் பக்கத்துக் கொக்கியின் உச்சி. வகுளாபரணம் இரண்டு பிரதிகளில் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். ஒன்று மனுவோடு போனது. மற்றது ஆபீஸ் காப்பி. கட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து ஆபீஸ் காப்பியின் அடியைக் கத்தரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டிலேயே வைத்திருந்தாள். பிறகு அவள் வேளாங்கண்ணி திருநாளுக்குப் போயிருந்த வாரத்தில் வீரமலை வந்து கட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். குமாஸ்தா பார்க்காமலே நூலைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"கையெழுத்து இல்லாம இது வெறும் காகிதம்தான் பெரியவரே. அய்யாவும் போய்ச் சேர்ந்துட்டாரு. எதுக்கும் வியாழக்கிழமை வாங்க. வேற வழி இருக்கான்னு பாக்கறேன்" என்றார் வக்கீல். வேறு வழி ஏதும் இல்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. வீரமலை காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அக்னஸுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் இன்னாசிராஜ் ஷிப்ட் முடிந்து வந்ததும் காபிகூடக் கொடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். இந்த ஆல்பத்தைப் பார்த்துக் கேலி பண்ணாத நாளே கிடையாது அவருக்கு. அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி வரவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாய மூடிட்டு இரு. கட்சிக்காரரு குடுத்த தஸ்தாவேஜுக் காகிதத்தை வெட்டினேன்னு சொன்னா வக்கீலு உன்னை வச்சிருப்பாரா? போலீசுக்குப் போனா என்னா ஆவும், யோசிச்சியா?"

"அந்த மனுஷன் ஐயங்காரு ஏமாத்திட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருக்காருங்க."

"சரி, கையெழுத்துத் துண்டு ஒங்கிட்டதானே இருக்கு. ஒரு கவர்ல போட்டு அவரு அட்ரசுக்கு அனுப்பிடு. யாரு அனுப்பினான்னு அவருக்கு என்னா தெரியும்?"

அதை அக்னஸும் பஸ்ஸிலேயே யோசித்துப் பார்த்திருந்தாள். வக்கீல் ஆபீசில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியும். வெட்டி ஒட்டின கையெழுத்தோடு ஒருவர் போய் நின்றால் அதற்குப் பெயர் ஃபோர்ஜரி. கம்பித்திருடன் கையெழுத்தையும் திருடினான் என்று இரண்டாவது தடவை உள்ளே போவார். யார் வெட்டியது, ஏன் வெட்டியது என்று ஒருவர் முன்னால் வந்து சொன்னால் ஒழிய அந்தத் துண்டுக்கு மதிப்பு இல்லை.

"தவக்காலம் வருது. சாமியார்கிட்டப் பண்ணின தப்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு மனசை ஆத்திக்க" என்றார் இன்னாசிராஜ், கொஞ்சம் இறங்கி.

"எடுத்ததைத் திருப்பிக் குடுத்தியான்னுதான் சாமியாரு மொதல்ல கேப்பாரு."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். காபியைத் தானே கலந்துகொண்டார்.

என்றாலும் அக்னஸ் ஒன்றும் வீராங்கனை இல்லை. சொல்லாமலே தப்பிக்க ஒரு வழி இருக்குமா என்று மறுநாளும் தேடினாள். வகுளாபரணம் வீட்டில் வேறு ஏதாவது காகிதம் இருந்தால், வீரமலையைப் பற்றி அவர் எப்போதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால், அதை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆல்பத்தை மூடிவிடலாம். அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள்.

கீழ உத்திர வீதியில் வீடு. வகுளாபரணத்தின் மனைவி கோமளவல்லி அம்மாள் கதவைத் திறந்தார். வக்கீல் ஆபீசிலிருந்து வருகிறேன், மருங்காபுரி வீரமலை விஷயமாக என்றதும் அந்த அம்மாளின் முகம் மாறியது.

"வீரமலையா? இந்தப் பேரை இன்னொருத்தர் வாயால கேட்டு எத்தனை காலமாச்சு. உட்காருங்கோ. தீர்த்தம் சாப்பிடறேளா?"

"அவரைப் பத்தி அய்யா எழுதின காகிதம் வேற ஏதாவது இருக்குங்களா?"

"எழுதறதாவது. அவர் சதா அவனைப் பத்திப் பேசிண்டுதான் இருப்பார். ஜெயில்ல இவா வார்டுக்கு ஜலம் கொண்டு வர்றது அவன்தானாம். இவருக்கு விஷ ஜுரம் கண்டப்போ பக்கத்திலேயே இருந்து பார்த்துண்டானாம். பெருமாள் அனுப்பிச்ச கைங்கர்யபரன்னு சொல்லிண்டிருப்பார். காகிதம்னு பார்த்தா, பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டு உங்க ஆபீசுக்கு அனுப்பினாரே, அது ஒண்ணுதான்."

"அவர் போட்டதை நீங்க பார்த்தீங்களா?"

"மைக்கூட்டை எடுத்துக் குடுத்ததே நான்தானே. ரெண்டுலயும் போட்டார். கை நடுங்கிண்டிருந்த சமயம். என் பேர் அவனுக்கு உபயோகமாறதேன்னு சந்தோஷப்பட்டார்."

அக்னஸ் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"ஆனா ஒண்ணு மட்டும் புரியலை" என்றார் அந்த அம்மாள். "கடைசியில இவர் படுக்கையில கிடந்தப்போ, மருங்காபுரிக்காரன் வந்தானோ, வந்தானோன்னு கேட்டுண்டே இருந்தார். ஆள் அனுப்பிச்சோம். வர முடியாதுன்னு சொல்லிட்டானாம். வாசலைப் பார்த்துண்டே ஆசார்யன் திருவடி போய்ச் சேர்ந்தார். அவன் ஏன் வரலைங்கறது அந்த ரங்கனுக்குத்தான் வெளிச்சம்."

ஏன் வரவில்லை என்பது அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. போயிட்டு வரேங்க என்று எழுந்து வெளியே வந்துவிட்டாள். பஸ் காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவள், யார் வீட்டிலாவது துக்கமா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலையில் வக்கீல் வந்து உட்கார்ந்ததும் ஆல்பத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். முழுவதும் சொன்னாள். சவரிராயன் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"முடிஞ்ச கட்டுன்னு யார் சொன்னா உனக்கு?"

"நானே நெனச்சிட்டேன் சார்."

"இந்த ஆபீஸ்ல ஒருத்தன் நம்பிக் குடுத்த காகிதம். அதை வெட்டி வச்சிருக்கே." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது முடியற வரைக்கும் இங்க இரு. அப்புறம் உன்னை என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன். அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

வீரமலை பதினோரு மணி வாக்கில் வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அக்னஸ் அவருடைய காகிதத்தைக் கேட்டு வாங்கி மேஜையில் விரித்தாள். ஆல்பத்திலிருந்து பெயர்த்து வைத்திருந்த துண்டை அதன் கீழே கொண்டுபோய் வைத்தாள். கறுப்புக் கொக்கி மேலே இருந்த வளைவோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

"இது அய்யா போட்ட கையெழுத்துங்க. நான்தாங்க இதை வெட்டி எடுத்துட்டேன். உங்க காகிதம்னு யோசிக்கல."

வீரமலை குனிந்து பார்த்தார். படிக்கத் தெரியாதவர் எதைப் பார்த்தாரோ, வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப சாமி போட்டாரா?"

"போட்டாருங்க."

"எப்ப போட்டாரு?"

"முதல்லயேங்க. நீங்க கேட்ட உடனே."

அவர் முகத்தில் கோபம் வரும், கை ஓங்குவார் என்று அக்னஸ் எதிர்பார்த்தாள். வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"ஆள் அனுப்பினாரு. நான் போவல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னார். "களத்துல நின்னுக்கிட்டு, வர முடியாதுன்னு போய்ச் சொல்லுன்னு வந்தவனை அனுப்பிட்டேன்." துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வக்கீல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார்.

வீரமலை தலையைத் தூக்கி அக்னஸைப் பார்த்தார். "எதுக்கும்மா வெட்டுனீங்க?"

ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"அழகா இருந்துச்சுங்க" என்றாள்.

சத்தியப் பிரமாணத்தை அவளே டைப் அடித்தாள். எத்தனையோ பேருடைய பிரமாணங்களை அடித்த மிஷினில், அக்னஸ் ஆகிய நான் என்று தொடங்கும்போது தப்புத் தப்பாக அடித்து இரண்டு தாள் வீணாயிற்று. கத்தரித்தது நான், அதற்கும் மனுதாரருக்கும் சம்பந்தம் இல்லை, அவருக்கு இது தெரியவே தெரியாது என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் கடைசி வாரத்தில் மூன்று பேருமாக, பென்ஷன் மனுக்களை விசாரிக்கிற அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். வராந்தாவில் கதர்ச் சட்டைகளும் ஊன்றுகோல்களுமாக ஒரே கூட்டம். அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். பிரமாணத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நல்லாத்தான் கதை கட்டியிருக்கீங்க. போலிக் காகிதம் கொண்டு வர்றவங்க தினமும் நாலு பேரு வர்றாங்க. ஆனா வெட்டினது நான்தான்னு ஆளோட வர்றது இதான் முதல் தடவை. இந்தம்மாவுக்கு எவ்வளவு குடுத்தீங்க பெரியவரே?"

வீரமலையின் முகம் செத்துப்போயிற்று. வக்கீல் ஏதோ சட்டம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அக்னஸ் கைப்பையைத் திறந்து ஆல்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"இதைப் பாருங்க சார். எத்தனையோ வருஷமா இதே வேலையாத்தான் இருந்திருக்கேன்."

அதிகாரி சலிப்போடு திறந்தார். ரோஸ் தாள், நீலத் தாள், மஞ்சள் தாள். பக்கத்துக்குப் பக்கம் நேராக, சுத்தமாக வெட்டின துண்டுகள். ஜமீன்தாரும் பிஷப்பும் கலெக்டரும் நாதஸ்வர வித்வானும் ஒரே கத்தரியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் பக்கத்தில் மட்டும் ஒட்டுத்தாளின் தடம் இருந்தது, துண்டு இல்லை. அதிகாரி வகுளாபரணத்தின் துண்டை எடுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு காகிதத்தோடு வைத்துப் பார்த்தார். அவர் குரல் மாறியது.

"இதுக்கு உங்க மேல கேஸ் போடலாம். தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

"இந்த மனு நிக்கணும்னா ஆல்பமும் ஃபைல்ல சேரணும். இதுதான் சாட்சி. திரும்பி வரும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது."

சர்க்கார் ஃபைலுக்குள் போனது திரும்பி வராது என்று அக்னஸுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி, பிளாட்பாரக் காத்திருப்பு, கோபுர வாசல் வெயில் எல்லாம் அந்த மேஜைமேல் கிடந்தன. அவள் கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்க்க நினைத்தாள். பிறகு அதுவும் வேண்டாம் என்று அதிகாரி பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"வச்சுக்குங்க சார்."

அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. வீரமலை அரசியல் கைதிதான் என்று உத்தரவு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. ஆல்பம் வரவில்லை. கேஸும் போடவில்லை. சவரிராயன் அவளை வேலையில் வைத்துக்கொண்டார், ஆனால் பழைய அலமாரிக்குப் புதிதாக ஒரு பூட்டு வாங்கினார். அதெல்லாம் பிற்பாடு நடந்தவை.

அன்றைக்கு வெளியே வந்ததும் வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். வீரமலை வேப்ப மரத்தடியில் தயங்கி நின்றார்.

"சாமி வீட்டுக்குப் போயி வெகுகாலமாச்சு. வழி தெரியுமாம்மா?"

அக்னஸ் தெரியும் என்றாள். இருவரும் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினார்கள். கீழ உத்திர வீதியில் அவர் ஒரு கடையில் வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கித் துண்டில் வைத்துக்கொண்டார். வீட்டு முன்னால் போனதும் படியேறாமல் தெருவிலேயே நின்றுவிட்டார். அக்னஸ் கதவைத் தட்டினாள்.

கோமளவல்லி அம்மாள் வந்து பார்த்தார். அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வீரமலையா நீ?"

"ஆமாங்கம்மா."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஆள் அனுப்பிச்சோமே. அவர் இந்த வாசலையே பார்த்துண்டு கிடந்தார். ஏன் வரலை?"

வீரமலை அக்னஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டில் இருந்த பழத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப கடலை பறிக்கிற சமயம்மா. ஆளுக கெடைக்கல. போட்டது போட்டபடி வர முடியாமப் போச்சு. தப்புதாங்கம்மா."

அந்த அம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டார். "கடலை பறிக்கணும்னா அவரை விட்டே?"

வீரமலை அதையும் வாங்கிக்கொண்டு நின்றார். அக்னஸின் பெயர் வெளியே வராமல் இருக்கத்தான் அந்த மனிதர் பொய் சொல்கிறார். இவள் பேசாமல் இருந்துவிட்டால், கடலைக்காக வராமல் இருந்தவன் என்றே இந்த அம்மாள் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார்.

"அவர் சொல்றது பொய்ங்கம்மா" என்றாள்.

"விடுங்கம்மா" என்றார் வீரமலை, மெல்ல.

அக்னஸ் விடவில்லை. "அய்யா போட்ட கையெழுத்தை நான்தாங்க வெட்டி எடுத்துட்டேன். அய்யா கையெழுத்தே போடலேன்னு இவரு இத்தனை வருஷமா நெனச்சிக்கிட்டு இருந்தாரு. அதாங்க வரல. போன மாசம் நான் இங்க வந்தப்பவே எனக்குத் தெரியும். சொல்லாமப் போயிட்டேன்."

கோமளவல்லி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். படி இறங்கித் தெருவுக்கே வந்து வீரமலையின் முன்னால் நின்றார்.

"வாசலோட நின்னுடாதே. உள்ளே வா. அவர் படுத்திண்டிருந்த இடத்தைப் பாரு."

வீரமலை தயங்கித் தயங்கிப் படியேறினார். இருவரும் உள்ளே போனார்கள். அக்னஸை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. வீரமலைக்குத் திரும்பிப் போகிற பஸ் எது என்று தெரியாது என்பதால், எதிர்ச் சுவர் ஓரமாக நிழல் பார்த்து நின்றுகொண்டாள்.